ஆபீசர் வந்தால் பாயாசம்

தீபாவளிக்குக்கூட நான் அவ்வளவு ஏங்கியதில்லை. மண்டபத்து இறால் கம்பெனிக்கு ஆபீசர் வரும் நாளுக்குத்தான் ஏங்குவேன். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அக்காவும் நானும் அங்கே ஐஸில் கிடந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தோம். சிறுபிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ராமநாதபுரத்திலிருந்து ஆபீசர் வருவார். வர அந்த ஒரே ரோடுதான். சேதி எப்படியோ முந்தின நாளே மேனேஜர் காதுக்கு வந்துவிடும். விடிந்ததும் எங்களை லாரியில் அள்ளிப்போட்டுத் திருப்புல்லாணிக்கு அனுப்பிவிடுவார். கோயில், பாயாசம், சாயங்காலம் வீடு. கசக்குமா என்ன? அந்த மகராசன் தினமும் வரட்டும் என்று சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

லாரி டிரைவர் எங்கள் தாய்மாமா. அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த முறை கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர் ஒரு வேடிக்கைகூடக் காட்டவில்லை. இறால் கொம்பு குத்தி அக்காவின் விரல் சீழ் வைத்திருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் அழுதவளுக்கு மாமாதான் ஊட்டிவிட்டார்.

மறுநாள் லாரியில் ஒரே கும்மாளம். உச்சிப்புளி தாண்டியதும் மாமா வண்டியை ஓரங்கட்டினார்.

"இஞ்சின் கொதிச்சிருச்சு. எல்லாம் எறங்கி அங்கன நெழல்ல நில்லுங்க. ஏதாச்சும் வண்டி வந்தா கையக் காட்டுங்க."

பாயாசம் தீர்ந்துவிடுமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே ஜீப் ஒன்று வரவும் எல்லோருமாக மறித்தோம். கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "இறால் கம்பெனிக்கு ஆபீசர் வாராரு சார். அதான் எங்கள அனுப்பிச்சாக. அவரு வந்தாத்தான் எங்களுக்கு லீவு. அவரு நல்லா இருக்கணும்!"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கையைக் காட்டும்மா" என்றார். நான் பெருமையாக நீட்டினேன். அக்காவின் விரலை வெகுநேரம் பார்த்தார். மாமாவோ பானெட்டுக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. ஜீப் கம்பெனிப் பக்கம் பறந்தது. அவர்தான் ஆபீசர் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

அதோடு எங்களுக்குக் கம்பெனிக் கதவு சாத்தியாயிற்று. ஆபீசர் உத்தரவுப்படி சிலேட்டும் சட்டையும் கம்பெனியே வாங்கிக்கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. மாமாவுக்கு வேலை போனது; சிரித்துக்கொண்டே வேறு லாரி தேடிப் போனார். பாயாசத்தைக் கெடுத்த பாவி என்று நான் அந்த ஆபீசரைத் திட்டித் தீர்த்தேன்.

அன்று ஜீப் கண்ணை விட்டு மறைந்ததும் மாமா பானெட்டை மூடினார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. கொதித்துப்போன இஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியது. பாயாச அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.