அம்மை போட்ட சீசன்

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் ஒரு போன் வராது. தென்காசிக்கும் அருவிக்கும் நடுவில் இலஞ்சியில் வீடு கட்டியது என் அப்பா செய்த பெரிய தவறு. அவரைக் கேட்டால் பெரிய சாதனை என்பார். சாரல் தொடங்கிய முதல் வாரத்திலேயே எங்கள் கொடியில் யார் யாருடைய துண்டுகளோ தொங்கும். வெள்ளம் கூடி அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் இன்னும் மோசம். அத்தனை பேரும் தலையில் தேய்த்த எண்ணெயோடு கூடத்தில் உட்கார்ந்து அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.

கல்லூரியில் சேரும் காலமும் அதுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு நாடகம் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னது அப்படிப்பட்ட ஒரு கூடத்தில். ஓசியில் சாப்பிடுகிறவர்களுக்குக் கைம்மாறாகத் தருவதற்குக் கருத்து ஒன்றுதான் இருந்தது, அதை வாரி வழங்கினார்கள். ஒரு சித்தப்பா எந்த டிவி சீரியல் என்று கேட்டார். இன்னொருவர், இந்த உயரத்துக்குப் போலீசில் சேர்ந்தால் இதற்குள் ஸ்டேஷனையே மிரட்டலாம் என்றார். மூன்றாவது ஆள்தான் உச்சம். சூரியகாந்தி பூத்தால் சுந்தரபாண்டியபுரத்துக்குப் படப்பிடிப்புக்காரர்கள் தானே வருகிறார்கள், வயல் வரப்பில் போய் நின்றால் வாய்ப்பு தானாக வரும், இதற்குப் போய்ப் படிப்பானேன் என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

என் முன்னால் இரண்டு கல்லூரிகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கம் ஒன்றில் நாடகத்துக்கென்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே என்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாதியிலேயே போதும் போதும் என்று சொல்லி இடமும் கொடுத்துவிட்டார்கள். மேடை இங்கேதான் வரப்போகிறது என்று காட்டிய இடத்தில் ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று சென்னையில். அங்கே நேரில் போய் நடித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் எடுப்பார்கள். எனக்குச் சென்னைதான் வேண்டியிருந்தது. காரணம் கலை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. சென்னைக்குப் போனால் யாருக்கும் துண்டு காயப்போட வேண்டாம் என்பது மீதிப் பாதி.

அப்பாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "நாடகம் எங்கன படிச்சா என்னட்டி? இங்கன அழுதாலும் அழுகைதான், மெட்ராசுல அழுதாலும் அழுகைதான்."

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பேசியது அப்பா இல்லை, மதுரையில் இருக்கும் அத்தை என்று எனக்குத் தெரியும். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் போனில் தும்மினால் இங்கே அப்பா நூறு வயது என்பார். பெண் பிள்ளை கண் பார்வையில் இருக்கட்டும் என்று அவள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு சீசனுக்கு வருகிறாள். அன்று சாயங்காலம்தான் எனக்கு ரயில், மறுநாள் தேர்வு. அத்தை வந்து இறங்கிவிட்டால் அந்த வீட்டிலிருந்து நான் வாசல் தாண்ட முடியாது.

அம்மா மட்டும் ஒரு கருத்தும் சொல்லவில்லை. அதனால் அவள் கருத்தை நானே முடிவு செய்துகொண்டேன். சீசனில் அடுப்படியில் நிற்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போய்விட்டால் ஒருத்தி. வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, எங்கள் தோசைக்காக அடுப்படியில் நின்றபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஒனக்குச் சட்னி அரைக்க ஆள் வேணும், அதான் வாயத் தொறக்க மாட்டேங்க" என்று கேட்டே விட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், தோசையைப் பார்த்தாள், தோசையைத் திருப்பிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வாசல் கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வேப்பிலை தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுப் படியை எந்த விருந்தாளியும் மிதிக்க மாட்டான். பேப்பர் எடுக்கப் போன அப்பா வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் பதறி ஓடிவந்தார். யாருக்கு என்று கேட்டார். ஒங்க மகளுக்கு என்றாள் அம்மா. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பார்த்தார். நானும் ஒரு சந்தேகத்தில் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

அதற்குள் அம்மா போனை எடுத்து அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, நீங்களோ சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை மதினி என்று சொல்லி நிறுத்தினாள். நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போனில் அது தெரியாது. ஆனாலும் துடைத்தாள். அத்தையின் வேன் கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அக்காவை ஏமாற்றிய பயம் ஒரு பக்கம், அம்மன் பெயரில் பொய் சொன்ன பயம் இன்னொரு பக்கம். எது பெரிய பயம் என்று அவருக்கே குழப்பம். ஆத்தா கண்ணைக் குத்திவிடுவாள் என்றார்.

"அவளும் பொம்பளதான்" என்றாள் அம்மா. "இந்த வீட்டுல நான் எம்புட்டுப் பேருக்கு ஆக்கிக் கொட்டுதேன்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கா?"

இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக ஒரு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

அம்மை என்றால் எதிர்வீட்டு அக்கா இளநீரோடு பார்க்க வருவாள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அம்மா என்னைப் பிடித்துப் பாயில் தள்ளினாள். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, தீக்குச்சி முனையால் முகம், கழுத்து, கை என்று புள்ளி புள்ளியாக வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, பிறகு எத்தனையோ ஒப்பனைக்காரர்கள் என் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவு சுத்தமான வேலை யாருக்கும் வரவில்லை. நான் நாடகம் படிக்கப்போகிறவள் ஆயிற்றே, முனக ஆரம்பித்தேன். கண்ணைச் செருகினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சினிமாக்காரி மாதிரி முனங்காத. சொறியணும்னு இருக்கணும், சொறியக் கூடாது. அம்புட்டுத்தான்."

அப்படியே கிடந்தேன். எதிர்வீட்டு அக்கா கதவு நிலையில் நின்று எட்டிப் பார்த்தாள். ஆத்தா பிள்ளை மேல் முத்து முத்தாக இறங்கியிருக்கிறாளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக் குங்குமத்தால் உண்மையாகவே அரிக்க ஆரம்பித்திருந்தது. அன்று சொறியாமல் கிடந்தது எனக்கு இன்றும் பெருமைதான்.

சாயங்காலம் சாரல் விழுந்தது. சாரல் நேரத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் மழைக்கோட்டுக்குள் இருப்பதால் உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாது. புள்ளிகளைக் கழுவிவிட்டு, மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். வண்டிச் சாவியை அப்பா கையில் திணித்தது அம்மாதான். தென்காசி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, இடம் கிடைத்தாலும் இங்கேதான் படிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு வண்டி கிளம்புகிறவரை மழையில் நின்றார்.

சென்னையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மனப்பாடம் செய்துகொண்டுபோன வசனத்தை வேண்டாம் என்றார்கள். பேசாமல் ஏதாவது செய் என்றார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தரையில் படுத்தேன். சொறிய வேண்டும் என்று இருந்தேன், சொறியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆசிரியை நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மழைக்கோட்டுக்குள் நுழைந்து வீடு திரும்பினேன். கூடத்தில் அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. ஆளும் வராது. ஆகவே அவள் காலையில் ஒரு சோறு வைத்தால் வேலை முடிந்தது. சவரமும் கூடாது என்று சொல்லி அப்பாவைத் தாடியோடு உட்கார வைத்திருந்தாள். அவர் உப்புச் சப்பில்லாத மோர்ச் சோற்றைத் தின்று துரும்பாக இளைத்திருந்தார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்கு இவ்வளவு நீளமான கால்களா என்றுகூட நினைத்தேன்.

அந்தக் கால்கள்தான் என்னைக் கெடுத்தன. இடம் கிடைத்துவிட்டது என்று சென்னையிலிருந்து தகவல் வந்த அன்று நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஊரைப் பொறுத்தவரை என் அம்மை இறங்கி, வேப்பிலையும் இறங்கிவிட்டது. அத்தை மறுபடி வேன் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவை இந்தக் கூட்டத்திடம் தனியாக விட்டுவிட்டு நான் சென்னையில் போய் உணர்ச்சியைப் பற்றிப் படிப்பதா என்று வெட்கமாக இருந்தது. அடுப்படியில் போய், நான் திருநெல்வேலியிலேயே சேர்ந்துகொள்கிறேன் என்றேன். சாயங்காலம் வந்துவிடுவேன், உனக்குக் கூடமாட ஒரு கை இருக்கும் என்றேன். எனக்கே என் தியாகம் பிடித்திருந்தது. அப்பா கதவருகில் நின்று தலையாட்டினார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏட்டி, நீ இங்கன இருக்கதுனாலதான இவ்வளவு பேரு வாராவ. வீட்டுல ரெண்டு பொம்பளைக இருக்கோம், மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? நீ போயிட்டேன்னா ஒத்தையில முடியல, லாட்ஜில தங்குங்கன்னு சொல்லிருவேன். ஒன்னய எப்பம்டா அனுப்பலாம்னு நானும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அப்பாவின் தலை ஆடுவது நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நன்றாக வலித்தது. வேப்பிலை எனக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதி அவளுக்காக. ஆனால் நான் ரயிலேறிய அன்று பிளாட்பாரத்தில் என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்தான், அதில் நடிப்பு இல்லை.

சொன்னதைச் செய்தாள். மறு வருடச் சீசனில் அத்தை லாட்ஜில் தங்கினாள், அங்கே காபி சரியில்லை என்று அப்பாவிடம் புலம்பினாள். அப்பா அதற்கும் நூறு வயது என்றாரா தெரியவில்லை. ஜூலையில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. வீட்டு ஞாபகம் தாங்காமல் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்கே வருகிறேன் என்றேன். பின்னால் சாரலில் கொடிக்கம்பி அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வாம்மா, ஒன்னயப் பாக்கணும்னு இருக்கு" என்றாள். "ஆனா வந்திருக்கேன்னு ஒரு ஆளுகிட்டச் சொல்லிராத."