ஏர்கோன் கம்பெனி கேட்ட தப்பு

...அதத்தான் நானும் சொல்றேன், சும்மா எவனாவது சோறு போடுவானாம்மா? பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு ஒனக்கு விஷயமே தெரியாதா? எம் மருமவன் வேல செய்யுற ஏர்கோன் கம்பெனி, நம்ம தம்போய் ஊர்ல, எத்தன வருசமா இருக்கு! ரூம குளுகுளுன்னு வைக்கிற ஏர்கோன விக்கும், கெட்டுப்போனா ரிப்பேர் பண்ணும், அவ்ளோதான். திடீர்னு மொதலாளி வெள்ளிக்கிழமையானா எல்லாரையும் ஒக்கார வச்சு, தேங்காப்பால் சோறு, அதான் நாசி லெமாக், வாங்கிக் குடுத்து, "இந்த வாரம் செஞ்ச தப்ப சொல்லுங்க, ஏச மாட்டேன், எல்லாரும் கத்துக்கலாம்"னு கேக்குறாராம். அலமாக்! ஏச மாட்டாராம்! அந்த நாசி லெமாக்ல நெத்திலிகூட தேடித்தான் எடுக்கணுமாம், காரமா இருக்க வேண்டிய சம்பால் ஒரே இனிப்பாம். அதுக்கே இந்தக் கேள்வி.

ஆள் கொறைக்கத்தான் இப்படி வாயப் புடுங்குறாங்கன்னு நெனச்சேன். மவளும் அவரும் இப்பத்தான் வீடு வாங்கியிருக்காங்க, புள்ளைங்க வேற சின்னது. "தம்பி, பெரிய தப்பு எதையும் சொல்லிராதீங்க. நல்ல புள்ளன்னு பேரு வாங்குற மாதிரி தப்பா பாத்து ஒண்ணு சொல்லுங்க"ன்னேன்.

"அத்தே, நீங்க மேனேஜரா வந்திருக்கணும்"னு சிரிச்சாரு.

போய் என்ன சொன்னாரு தெரியுமா? "ரிப்பேருக்குப் போற வீட்டுல, கேக்காமலே ஏர்கோன கழுவியும் விட்டுட்டு வரேன், அடுத்த வீட்டுக்கு லேட்டாயிருது." கழுவுறது தப்பா, நீயே சொல்லு! மொதலாளி சிரிக்கலயாம். மருமவன் கழுவிவிட்ட வீட்டுக் கணக்கையெல்லாம் எடுத்துப் பாக்கச் சொன்னாராம். பாத்தா, கழுவுனதால கெடாம, அந்த வீட்டுக்காரங்க மறுபடி ரிப்பேருக்குக் கூப்புட்டதே அபூர்வமாம்.

இப்ப யாவாரத்தையே மாத்திட்டாங்கம்மா! மாசா மாசம் காசு கட்டுனா வந்து கழுவுவாங்களாம், கெட்டுப்போனா சும்மாவே செஞ்சு குடுப்பாங்களாம். கெட்டுப்போறத வச்சே பொழச்ச கம்பெனி, கெடாம இருந்தாத்தான் லாபம்னு சொன்னா நம்புவியா நீ? நான் நம்பல லா.

மத்த ஆளுங்களுக்குக் கழுவச் சொல்லிக் குடுக்க மருமவன வாத்தியாராக்கிட்டாங்க, சட்டகூட புதுசு. பாக்க அவ்ளோ அழகா இருக்காரு! ஆனா எல்லாரும் கத்துக்கிட்ட பொறவு இவரு எதுக்குன்னு கேப்பாங்களே? அதையும் கேட்டேன். "அத்தே, அப்ப புதுசா ஒரு தப்பு செஞ்சிட்டுப் போறேன்"ங்குறாரு. நக்கலப் பாரு!

இன்னைக்கு அந்த ஆளுங்க பழகுறதுக்கு எங்க வீட்டு ஏர்கோனத்தான் கழட்டப் போறாங்க. அவரவிட எவனாச்சும் நல்லா கழுவுறானான்னு பக்கத்துலயே நின்னு பாக்கப் போறேன். ஐயோ, வேன் வந்துருச்சு! ஏர்கோனுக்குக் கீழ கொடியில தொவச்ச துணி கெடக்கு, அழுக்குத் தண்ணி பூரா அது மேலதான் ஊத்தும். இரும்மா, எடுத்துட்டு...