கட்டாயமில்லை என்று வாசித்துக் காட்டிய காலை

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டவன் நான். ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடித்தேன். பிறகு லாரிகளில் வாழைத்தார் ஏற்றினேன். எங்கும் நிலைத்ததில்லை. அந்த வருடம் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். அங்கும் மருந்தடிக்கிற வேலைதான்.

ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட், ஏலக்காய் பறிக்க வரும் பெண்களிடம் முதல் நாளே ஆதார் அட்டையை வாங்கிக்கொள்வார். செக்போஸ்ட்டில் காட்ட வேண்டும் என்பார். அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அட்டை அவர் பையில் இருந்தால் பெண்கள் வேறு ஜீப்புக்கு மாறமாட்டார்கள், அவ்வளவுதான். எல்லா ஜீப்பிலும் அதுவே வழக்கம். ஆண்களிடம் கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த ஜீப்பில் ஏறிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். முழுக்க ஆங்கிலம். தோட்டத்து ஆபீஸில் கேட்கிறார்களாம். கையெழுத்துப் போட்டால்தான் வேலையாம். பெண்கள் யாரும் பேனாவைத் தொடவில்லை.

"ஏலே, நீதான் போன்ல இங்கிலீஷ் படிக்கிறவனாச்சே. வாசிச்சுச் சொல்லு" என்றார் என்னிடம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. தெரியாத சொற்களைப் போனில் தட்டிப் பார்த்து, ஜீப்பின் பின்படியில் நின்று விளக்கினேன். வாலண்டரி என்றால் நம் இஷ்டப்படி வருவது. கம்பல்ஷன் என்றால் கட்டாயம், அது கிடையாது. ரெஸ்ட்ரெயிண்ட் என்றால் போகவிடாமல் பிடித்து வைப்பது, அதுவும் கிடையாது. ஃப்ரீ டு லீவ் என்றால் நினைத்த நேரத்தில் நின்றுகொள்ளலாம்.

"நெசமாவா தம்பி? நின்னுக்கிறலாமா?" என்று ஒரு அக்கா முன்னால் வந்தாள்.

அவள் மகளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்திருந்தது. ஏலத்தோட்டம் போனால் இருட்டித்தான் திரும்ப முடியும். வீட்டுக்குப் பக்கத்துத் திராட்சை ஷெட்டில் சேர்ந்தால் மத்தியானம் போய் மகளுக்குச் சோறு கொடுக்கலாம். ஆனால் ஷெட்டில் அட்டை இல்லாமல் சேர்க்கமாட்டார்கள்.

"அப்படித்தான்க்கா போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுக் கார்டைக் கேளுங்க. குடுத்துத்தான ஆகணும்" என்றேன்.

அவள் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஏஜெண்ட் தாள்களை மடித்து வைத்ததும் அவள் கையை நீட்டினாள்.

"அண்ணே, என் கார்டைக் குடுங்க. நான் நின்னுக்கிறேன்."

"காய் பறிப்பு முடியட்டும் ஆத்தா. ஆள் கொறஞ்சா அங்கன யாரு பதில் சொல்றது?"

"இப்பத்தான இந்தத் தம்பி வாசிச்சுச்சு?"

"அது ஆபீஸ்ல கேட்டாக, எழுதுனாக. ஒனக்கா எழுதிருக்கு?"

"ஏறுடி" என்று ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள். "ஒன் பேரனுக்கு ஒரு கார்டு எடுத்து அதையும் இவருகிட்டயே குடுத்துருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"வாசிச்சவன் முன்னால வந்து உக்காரு" என்றார் ஏஜெண்ட்.

உட்கார்ந்தேன். மலையேறி முடியும் வரை ஒவ்வொரு வளைவிலும் அவள் முழங்கால் என் சீட்டின் முதுகில் இடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே நின்றுவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை.