ஆறு கொட்டைப் புளியம்பழம்

பாஞ்சாலையைப் போலப் புளி உடைக்க ஜவ்வாது மலையில் ஆள் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஓட்டின் மேல் கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே எத்தனை கொட்டை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நாலென்றால் நாலு, ஏழென்றால் ஏழு. அந்தக் கை அவளுக்கு வாய்க்காமலே போயிருக்கலாம்.

பங்குனியில் அம்மனுக்குப் பண்டிகை. அந்த மூன்று நாளும் அவர்கள் ஊரில் யாரும் புளி உடைக்கக் கூடாது. வாசலில் பழம் மலைபோலக் குவிந்து கிடக்கும், கை மட்டும் சும்மா இருக்க வேண்டும். ஆனால் விளையாட்டுக்குத் தடையில்லை. ஒருத்தர் ஒரு பழத்தை எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒத்தையா ரெட்டையா என்று சொல்ல வேண்டும். விரலால் தடவக் கூடாது. பிறகு ஓட்டை உடைத்து எல்லோருமாகக் கொட்டையை எண்ணுவார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஊரே கத்தும்.

எண்ணிய கொட்டைகளை ஊறவைத்து, தோலைச் சுரண்டி, ஊசியால் கோத்துப் பிள்ளைகள் தோரணம் கட்டுவார்கள். பாஞ்சாலையின் மூத்தவள் செல்லி கட்டும் தோரணத்தில் ஒரு சரத்துக்கு மூன்று, அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்து ஏழு. ரெட்டைப்படையை அவள் சேர்க்கவே மாட்டாள். "நடுவுல ஒண்ணு இருந்தாத்தாம்மா ரெண்டு பக்கமும் சமமா தொங்கும்" என்பாள். விளையாட்டிலும் அவள் வாயில் ஒத்தைதான் வரும். தோற்றாலும் ஒத்தை, ஜெயித்தாலும் ஒத்தை. பிடிவாதக்காரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷப் பண்டிகைக்கு முன்னால் இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்தது. சாமையும் இல்லை, கேழ்வரகும் இல்லை. புருஷன் மாதையன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். செல்லிக்கு வயது பத்து, இளையவன் தசரதனுக்கு எட்டு. அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெரியவர் கோபால்சாமி வந்து, மலைக்குக் கீழே தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார். மூன்று வேளையும் சோறு. ஒரு பிள்ளைதான்.

தாய்க்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று பேசுகிறவர்கள், வீட்டுக்கு ஒரே ஒரு இடம் கொடுக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. பாஞ்சாலைக்கு மகனை அனுப்பத்தான் ஆசை. ஆண் பிள்ளை படித்தால் ஒரு வேலைக்குப் போவான். செல்லி போய்விட்டால் தண்ணீர் சுமக்கவும் புளி உடைக்கவும் யார் இருக்கிறார்கள்? ஆனால் செல்லி பள்ளிக்கூடம் என்ற பேச்சைக் கேட்ட நாளிலிருந்து இருக்கிற ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, நீ வேண்டாம் என்று சொல்லத் தாய்க்குத் தைரியம் வரவில்லை.

"அம்மன் சொல்லட்டும். செல்லி சரியா சொன்னா செல்லி போவட்டும். தப்பா சொன்னா தசரதன் போவட்டும்" என்றாள்.

குவியலுக்குள் கையை விட்டாள். முதல் பழம் ஐந்து. விட்டுவிட்டாள். அடுத்தது ஏழு. அதையும் விட்டாள். மூன்றாவதாக ஆறு அகப்பட்டது. அதை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

செல்லி பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை ஒரு தரம் பார்த்தாள். "ஒத்தை" என்றாள்.

ஆறு கொட்டை. தசரதன் குதித்த குதியில் நாய் எழுந்து ஓடியது. ஜெயித்த கொட்டை என்று அந்த ஆறையும் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஆனி மாதம் பாஞ்சாலை அவனை அடிவாரத்து அமிர்தி வரை நடத்திக் கூட்டிப்போய் பஸ் ஏற்றினாள்.

ஐப்பசி அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பாதை அறுத்துக்கொண்டு போயிருந்ததால் சேதி மேலே வர மூன்று நாளாயிற்று. அவள் விழுந்தடித்து இறங்கிப் போனபோது புதைத்து முடித்திருந்தார்கள். ஒரு சட்டை, ஒரு சிலேட்டு, அந்தக் கொட்டைச் சரம், இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சரத்தை அடுப்பில் போட்டாள். கொட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஆறு வெடிப்பையும் அவள் எண்ணினாள்.

அதற்குப் பிறகு செல்லி பண்டிகை விளையாட்டுக்கு உட்காரவே இல்லை, தோரணமும் கட்டவில்லை. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். தன் வஞ்சனை மகளுக்குத் தெரிந்துபோய்விட்டது, அதனால்தான் இப்படி இருக்கிறாள் என்று பாஞ்சாலை நினைத்தாள். கேட்க வாய் வரவில்லை. பத்து வருஷம் ஒரே சட்டியில் சோறு பொங்கித் தின்றார்கள், தசரதன் பேரை ஒருவரும் எடுக்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷப் பண்டிகையில் சின்னக்குழந்தை என்ற பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடி வந்து செல்லியின் கையில் ஒரு பழத்தை வைத்து, "அக்கா, ஒத்தையா ரெட்டையா?" என்றாள். நெருப்பு பட்டதுபோல் செல்லி பழத்தைக் கீழே போட்டுவிட்டாள். சிறுமி மிரண்டு ஓடிப்போனாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் பாஞ்சாலை.

"எட்டு" என்றாள் செல்லி. "தொட்டாலே தெரிஞ்சுடுதும்மா."

நாலு வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து புளி உடைத்த பிள்ளைக்குத் தன் கை வந்திருக்கும் என்று பாஞ்சாலை ஒருநாளும் நினைத்ததில்லை.

"அன்னிக்கும் தெரிஞ்சுதும்மா. ஆறுன்னு தெரிஞ்சுதான் ஒத்தைன்னு சொன்னேன். பசிக்குதுன்னு ராவெல்லாம் அழுதுனு இருந்தான். அங்க போனா மூணு வேளை துண்ணுவானேன்னு... நாந்தாம்மா அவனை அனுப்பிச்சேன். நாந்தான் கொன்னுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பாஞ்சாலை கடைசி வரை நல்ல தாயாகவே இருந்துவிடலாம். இந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தபடி அதையும்தான் யோசித்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பழம் தானா வரலடி. ரெண்டு ஒத்தையைத் தள்ளிட்டு நாந்தான் பொறுக்கி எடுத்தேன். நீ ஒத்தைதான் சொல்லுவேன்னு தெரியும்."

செல்லி நிமிர்ந்தாள். "நான் போவக் கூடாதுன்னுதானா?"

"ஆமா."

வெளியே மேளம் நின்று மறுபடி தொடங்கியது. செல்லி கீழே கிடந்த பழத்தை எடுத்துக் குவியலில் போட்டாள்.

"அப்போ ரெண்டு பேரும் சேந்துதான் அனுப்பிச்சிருக்கோம்" என்றாள்.

பண்டிகை முடிந்த மறுநாள் இருவரும் குவியலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து புளி உடைத்தார்கள். ஒவ்வொரு பழத்தையும் எடுத்தவுடனே உள்ளே எத்தனை என்று இருவருக்கும் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.