நகராத வடிகட்டி

என் வீட்டுக்காரருக்கு வீடு மாற்றிக் கொடுப்பதுதான் தொழில். இந்த வட்டாரத்துக் கட்டில், சோபா, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அவர் முதுகில் ஏறி இறங்கியவை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் 'பீரோ அண்ணன்'.

தொழில் வாசலோடு நின்றால் நான் ஏன் பேசப் போகிறேன்? ஒரு வீட்டில் சாமானை இறக்கிவிட்டு வரும்போதே, அங்கே என்ன காற்று தெரியுமா, நாமும் அந்தப் பக்கம் குடிபோகலாம் என்று ஆரம்பிப்பார். இக்கரைக்கு அக்கரை பச்சை. காற்று வரும் வீட்டுக்குப் போனால் வெளிச்சம் போதாது என்பார். வெளிச்சமுள்ள வீட்டுக்குப் போனால் அடுப்படி சின்னது என்பார். அடுப்படியில் வேகிறவள் நான், ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இந்த வீடு எனக்குப் பிடித்துப்போனது. மழை தூறினால் பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே என் துணியையும் சேர்த்து எடுத்து மடித்து வைப்பாள். மகளுக்கும் ஒருவழியாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி கிடைத்திருந்தாள். இங்கேயே இருந்துவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. அவரிடம் சொன்னால் பார்க்கலாம் என்பார். அவர் பார்க்கலாம் என்றால் லாரியைப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.

அப்போதுதான் வீட்டைக் காலி செய்த யாரோ வேண்டாமென்று விட்ட மீன்தொட்டியைக் கொண்டுவந்தார், ஒரு ஜோடி ஏஞ்சல் மீனோடு. தண்ணீர் தெளிவாக இருக்க அதில் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி. கறுப்பு ஸ்பாஞ்ச், அதன் நடுவிலிருந்து மேலே போகும் குழாய், காற்றை அனுப்ப வெளியே ஒரு குட்டி மோட்டார். குமிழிகள் குழாய் வழியே ஏற ஏற, தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் புகுந்து அழுக்கை அங்கே விட்டுவிட்டுப் போகும். ஒரு மூலையில் வைத்து மறந்துவிட வேண்டிய பொருள். இவரா மறப்பார்?

தீனி போடும் இடத்துக்கு நேர் கீழே வைத்தார். மீன் தின்ன வேண்டியதை ஸ்பாஞ்ச் இழுத்துக்கொண்டது. பின்மூலைக்குத் தள்ளினார், முன்மூலையில் அழுக்குத் தங்குகிறது என்றார். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பக்கம், வந்ததும் மறுபக்கம். மீன் கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்: "நீங்க மீன் வளக்குறீங்களா, ஸ்பாஞ்ச் வளக்குறீங்களா?"

ஒருநாள் பெண் மீன் அந்தக் குழாயிலேயே முட்டையிட்டது, ரவையை ஒட்டி வைத்ததுபோல. இவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல இடமாக இருக்கட்டும் என்று முட்டையோடு சேர்த்து வடிகட்டியை நகர்த்தினார். காலையில் குழாய் வெறுமையாக இருந்தது. மிரண்டுபோனால் ஏஞ்சல் மீன் தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். சொல்லியும், அடுத்த முறை கொஞ்சமே கொஞ்சம் என்று தள்ளினார். அதுவும் போனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று நான் சொல்லிவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

பாவம் பார்த்ததற்குப் பலன், அடுத்த வாரமே வந்தது. மூன்று பக்கம் ஜன்னல் உள்ள வீடாம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். நான் அழவில்லை. பாத்திரங்களைச் சத்தம் வரும்படி மூட்டை கட்டினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பார்த்தால் குழாயில் மறுபடியும் முட்டை. வடிகட்டி நின்றதோ படுமோசமான இடம்: தொட்டியின் நட்ட நடுவில், முன்கண்ணாடியை மறைத்து, சாய்ந்துகொண்டு. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் கயிறும் பழைய போர்வைகளும் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தண்ணி எறக்காம இதத் தூக்க முடியாது," என்றார்.

இறக்கினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். ஆண் மீன் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. பெண் மீன் குழாயை விட்டு விலகாமல் அவரையே பார்த்தது. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு தடவையும் உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்பவாவது கேட்டீங்களே," என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய், லாரி வேண்டாமென்று சொல்லிவிட்டு, புது வீட்டின் சொந்தக்காரரிடமும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். போர்வைகளை மடித்து வைத்தார்.

முட்டை பொரிந்து, குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்த ஆரம்பித்தன. வடிகட்டி அதே இடத்தில்தான் நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் அதை ஏன் நடுவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் பெருமையாக, அது அங்கேதான் இருக்கும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டியின் அடியிலிருந்து எங்கள் கல்யாணப் படத்தை எடுத்தேன். எந்த வீட்டிலும் அதை மாட்டியதில்லை. எப்படியும் கழற்றத்தானே போகிறோம் என்று விட்டிருந்தேன். ஸ்டூலில் ஏறி ஆணியைச் சுவரில் வைத்தேன். அவர் வந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும், சுத்தியல் என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். "நல்லா ஆழமா அடி," என்றார்.