லூசியாவும் அண்ணனின் மக்காச்சோளமும்

ஸ்வீடனில் பஸ் நிறுத்தத்தில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். என் மகள் லூசியா கூட இருந்தால் மட்டும் பேசிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண்மணி, "குழந்தை இந்தியாவா?" என்றார். "இல்லை, கொலம்பியா." "அப்படியானால் நீங்களும் கொலம்பியாவா?" "இல்லை, பெரம்பலூர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கொலம்பியாவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

லூசியாவை நானும் கணவரும் தத்தெடுத்தபோது அவளுக்கு மூன்று வயது. பிறந்த நாட்டை அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள் என்று தத்தெடுப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோசைக்கல்லில் அரேப்பா வேகும். மக்காச்சோள மாவைத் தட்டி, நடுவில் சீஸ் வைத்துச் சுடும் கொலம்பியா அடை அது. நான் தட்டினால் ஓரமெல்லாம் பிய்ந்துபோகும். லூசியா பொறுமையாகச் சரிசெய்வாள்.

போன தை மாதம் பள்ளியில் கெஞ்சி விடுப்பு வாங்கி, முதன்முறையாக அவளை ஊருக்குக் கூட்டிப் போனேன். எனக்கு ஒரே பயம். நம் வீட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்களா, கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருப்பார்களா? போன அன்று அண்ணன் களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார். லூசியா செருப்பை உதறிவிட்டு அதற்குள் ஓடி, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, "அம்மா, அரேப்பா!" என்று கத்தினாள்.

"என்ன சொல்லுது பாப்பா?" என்று அண்ணன் கேட்டார். விளக்கினேன்.

"அடியே, இது நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போற லோடு. புள்ளைக்குக் கோழித் தீவனத்தையா போடுற?"

களமே சிரித்தது. லூசியாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"கோச்சுக்காத. பொறந்த நாட்டையே ஞாபகப்படுத்திக்கிட்டு இருந்தா, நாளைக்கு அங்கயே போயிடாதா? அப்ப நீ என்ன பண்ணுவ?"

அந்தப் பயம் எனக்கும் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வாயில் வேறு வந்தது: "நான் இவ்ளோ தூரம் போயிட்டேன். உன்னைய மறந்துட்டனா?"

அண்ணன் நேராகப் போய் அண்ணியின் கையிலிருந்த முறத்தை வாங்கி, களத்துச் சோளத்தை அவரே புடைக்க ஆரம்பித்தார். பாதி கீழே கொட்டியது. அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஊறவைத்து, வேகவைத்து, கிரைண்டரில் அரைத்து, மறுநாள் அரேப்பா தயாரானது. "வட்டமா தட்டணும் மாமா" என்று லூசியா அதட்டினாள். அண்ணன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "சப்புன்னு இருக்கு, கருவாட்டுக் கொழம்ப ஊத்து" என்றார். அப்புறம் வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்து நீட்டினார்: "சாப்புடுங்க, எம் மருமவ ஊருப் பலகாரம்." அதுவரை அவள் அவருக்கு வெறும் பாப்பாதான். நான் அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

திரும்பும் விமானத்தில் இருக்கைத் திரையில் உலகப் படம் வந்தது. லூசியா இடது கை விரலைக் கொலம்பியாவிலும், வலது கை விரலைத் தமிழ்நாட்டிலும் வைத்துக்கொண்டாள். பிறகு ஸ்வீடனைப் பார்த்தாள். கை மிச்சமில்லை.

"அம்மா, அதை நீ பிடிச்சுக்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டு வந்தபோதும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.