மில் லேனின் இடது பக்கம்

நெவில் ஆர்மரோடைப் பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கால்பந்து கிளப் வெளியே அனுப்பியது. அனுப்பியவர் கெட்டவர் இல்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்துத்தான் சொன்னார்.

“இடது கால் நல்லா இருக்கு. பயம்ங்கிறதே உன்கிட்ட இல்ல. வேகம் மட்டும்தான் பத்தல. அதை யாரும் கத்துக்கொடுக்க முடியாது தம்பி.”

நெவில் தலையாட்டிவிட்டு டீயை முழுதாகக் குடித்து முடித்தார். பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களே என்ற கவலை. வீட்டுக்கு வந்ததும், பஸ் கண்டக்டரான அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஸ்கால்பெக் டவுன்ல இடது பின்களத்துக்கு ஆள் தேடறாங்களாம். ஒரு சீசன் ஆடிப் பாரு. சரிப்படலன்னா டிப்போல சொல்லி வைக்கிறேன்” என்றார்.

ஸ்கால்பெக் டவுன் நான்காம் டிவிஷனின் அடித்தட்டிலேயே குடியிருந்த அணி. மில் லேன் மைதானத்தில் இடது பக்கம் மட்டும் லேசாகச் சரிவு. மழைக்காலத்தில் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும், வெளியூர் ஆட்டக்காரர்கள் அங்கேதான் வழுக்கி விழுவார்கள். வேகமில்லாத ஒருவருக்கு அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. எந்த அடியில் பந்து நிற்கும், எந்த அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று நெவிலுக்கு ஒரே மாதத்தில் அத்துப்படியாகிவிட்டது. ஒரு சீசன் பதினான்கு சீசன் ஆனது. நானூற்று அறுபத்து மூன்று ஆட்டங்கள், ஒன்பது கோல்கள். “அதுல மூணு எங்க வலையில போட்டது” என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவரே சொல்லிவிடுவார்.

அந்தப் பதினான்கு சீசனும் அவருக்குப் பின்னால் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் லென் டாட்டர்சால். ஆறடி நாலு அங்குலம். ஊர் முழுக்கக் கேட்கிற குரல். நெவிலுக்கும் ஏவ்ரிலுக்கும் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தைத் தொலைத்து, பிறகு தன் காலுறைக்குள்ளேயே கண்டுபிடித்தவரும் அவர்தான். ஏவ்ரில் சந்தைத் தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருந்தார். அணி மொத்தமும் அங்கேதான் தலையைக் கொடுத்தது. யாருக்கு வீட்டில் சண்டை, யார் வேறு கிளப்புக்குத் தாவப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மேனேஜருக்கு முன்னால் ஏவ்ரில் காதுக்கு வந்துவிடும்.

முப்பத்து மூன்றாவது வயதில், நவம்பர் மாதத்து உறைந்த தரையில், நெவிலின் வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அந்தச் சத்தம் இருக்கைகள் வரை கேட்டதாகச் சொன்னார்கள். மருத்துவமனைக்குக் கிளப் தலைவர் ஹெரால்ட் என்ட்விசில் வந்தார். மாவுக்குள் இறைச்சியை அடைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்தை அந்த வட்டாரத்துக்கே விற்கிற பேக்கரி அவருடையது. கையில் சுடச்சுட ஒரு பொட்டலம்.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“இனிமே நடக்கலாமாம். ஓடக் கூடாதாம்.”

“நல்லதாப் போச்சு” என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார் என்ட்விசில். “மேனேஜருக்கு ஓட்டம் எதுக்கு? இருந்த மேனேஜரைக் காலைலதான் வேலையைவிட்டு அனுப்பினேன். ரெண்டு வாரம் நீ பாத்துக்க.”

“எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே, மிஸ்டர் என்ட்விசில்.”

“அவருக்கும்தான் தெரியல. நாலு வருஷம் ஓட்டலயா? சாப்பிடு, ஆறிடும்.”

அந்த இரண்டு வாரம் இருபத்திரண்டு வருடம் நீண்டது.

மேனேஜர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று கத்துவது என்றுதான் நெவில் நினைத்திருந்தார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், துணி துவைக்கும் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தால் சட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போவதும், பஸ் ஓட்டுநருக்கு வழி சொல்வதும் அதே வேலைதான் என்று பிறகு தெரிந்தது. ஏவ்ரில் வீட்டுப் பின்கட்டில் பதினொரு சட்டைகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, “பிள்ளை வேணும்னு சொன்னேன். பதினொண்ணா கேட்டேன்?” என்பார். ஆனாலும் நெவிலுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. தன்னைவிடத் திறமை குறைந்தவனைக்கூட, அவன் நினைத்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக ஆட வைக்கத் தன்னால் முடிகிறது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது சீசனில்தான் சோதனை வந்தது. அந்த வருடம் கடைசி இடத்தில் முடிக்கிற அணி லீக்கைவிட்டே வெளியேற வேண்டும் என்று விதி. கடைசிச் சனிக்கிழமை, ரிட்டன்ஹாம் அணிக்கு எதிராக, சொந்த மைதானத்தில் ஸ்கால்பெக் தோற்காமல் இருக்க வேண்டும். டிரா ஆனாலும் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தோற்றால் அறுபது வருட லீக் வாழ்க்கை அன்றோடு சரி.

லென்னுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடைசி நான்கு ஆட்டங்களில் இடது பக்கம் தாழ்வாக வந்த பந்துகளுக்கு அவரால் நேரத்துக்குப் பாய்ந்து விழ முடியவில்லை. விழுவதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. ஊர்க்காரர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். நெவிலால் அப்படி இருக்க முடியவில்லை. மாற்று கோல்கீப்பர் டேரன் கிரிம்ஷாவுக்கு இருபத்து நான்கு வயது. லீக்கில் மொத்தமே இரண்டு ஆட்டம் ஆடியவன்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நெவில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

“சாப்பிடற மாதிரி நடிக்காத” என்றார் ஏவ்ரில். “லென்ன டீம்லேருந்து எடுக்கப் போற. அதானே?”

“யார் சொன்னா?”

“உன் மூஞ்சி சொல்லுது. நீயே நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொன்னா உன்னோட நான் பேச மாட்டேன்.”

மறுநாள் காலையில் லென் தன் காய்கறிப் பாத்தியில் வெங்காய இனத்து லீக்ஸ் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். நெவில் வேலியருகே வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரத்தில், அந்த முகத்தோடு, நெவில் அங்கே வந்து நிற்க வேறு காரணமே இருக்க முடியாது.

“நாளைக்கு டேரன்தான் நிக்கப் போறான், லென்.”

லென் மண்வெட்டியைத் தரையில் குத்தி நிறுத்தினார். “இதைச் சொல்ல எத்தனை நாளா ஒத்திகை பாத்த?”

“மூணு நாள்.”

“பதினேழு வருஷம்டா நெவ். உன் முதுகுக்குப் பின்னால நான்தான் நின்னேன். நீ கோட்டை விட்டதையெல்லாம் நான்தான் பிடிச்சேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் வந்தியா? போ. நாத்தை மிதிச்சிட்டு நிக்காத.”

நெவில் குனிந்து பார்த்தார். உண்மையாகவே இரண்டு நாற்றுகளை மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

சனிக்கிழமை மில் லேனில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பல வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட, சாவு வீட்டுக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள். உடை மாற்றும் அறையில் லென் இல்லை. பதினோராவது நிமிடத்தில் ரிட்டன்ஹாம் ஆட்டக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா ஒன்றைத் தட்டிவிட்டான். டேரன் குனிந்தான். பந்து அவன் கைகளுக்கு நடுவே நழுவி, கால்களுக்கு நடுவே உருண்டு, மெதுவாகக் கோட்டைத் தாண்டியது. நெவிலுக்குப் பின்னாலிருந்து யாரோ, “எங்கடா லென்னு?” என்று கத்தினார்கள். அதைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்று ஆட்டம் முடியும்வரை நெவிலுக்குத் தெரியாது. கோலுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக, மழைக்கோட்டில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு லென் நின்றிருந்தார். டேரன் வலையிலிருந்து பந்தை எடுக்கத் திரும்பியபோது அந்தக் குரல் கேட்டது.

“டேய் கிரிம்ஷா! அழுறதுன்னா அஞ்சு மணிக்கு மேல அழு. இப்ப ரெண்டு அடி முன்னாடி வந்து நில்லு.”

டேரன் முன்னால் வந்தான்.

“அந்த ஒன்பதாம் நம்பர் எப்பவும் உனக்கு வலது பக்கம்தான் அடிப்பான். அவன் கண்ணைப் பாக்காத, இடுப்பைப் பாரு.”

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. லென்னும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, எதிரே வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே, மைதானத்தைச் சுற்றி அடுத்த கோலுக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டாம் பாதியில் டேரன் மூன்று பந்துகளைத் தடுத்தான். ஒன்று இடது பக்கம், தரையோடு தரையாக வந்தது. எண்பத்தாறாவது நிமிடத்தில் ஸ்கால்பெக்குக்கு ஒரு கார்னர் கிக். முன்னால் ஏறிப் போயிருந்த ஸ்கால்பெக்கின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கூட்டத்தில் தடுக்கி விழ, அவன் முதுகில் பட்டுப் பந்து ரிட்டன்ஹாம் வலைக்குள் போனது. அதைவிட அசிங்கமான கோல் மில் லேனில் விழுந்ததே இல்லை. என்ட்விசில் தன் தொப்பியைக் கூரைமேல் எறிந்துவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் டிராவில் முடிந்து, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியபோது டேரன் நெவிலைக் கட்டிக்கொண்டு, “லென் அண்ணன்தான், பாஸ். தொண்ணூறு நிமிஷமும் என் காதுலயே கத்திக்கிட்டிருந்தாரு” என்றான்.

நெவில் அவரைத் தேடிப் பிடித்தபோது, காலியான இருக்கை வரிசையில் தனியாக உட்கார்ந்து இறைச்சி ‘பை’ தின்றுகொண்டிருந்தார் லென். குரல் சுத்தமாகப் போயிருந்தது.

“நான் செஞ்சது தப்பா, லென்?”

“மொத கோலை நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சிருப்பேன்” என்று கீச்சுக்குரலில் சொன்னார் லென். வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, “அந்த இடது பக்கத்துப் பந்து எனக்கு எட்டியிருக்காது. போதுமா? இன்னொரு தடவை கேக்காத” என்றார்.

திங்கட்கிழமை லென்னை கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெவில் சொன்னபோது, என்ட்விசில் மறுபேச்சுப் பேசவில்லை.

அதன்பின் ஒருமுறை மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள், இரண்டே வருடத்தில் இறங்கினார்கள். ஒன்பதாவது வருடம் தெற்கிலிருந்து ஒரு பெரிய கிளப் நெவிலைக் கூப்பிட்டது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனார். அன்று மாலையே திரும்பிவிட்டார்.

“என்ன ஆச்சு?” என்றார் ஏவ்ரில்.

“அஞ்சு வருஷத் திட்டம் கேட்டாங்க. எனக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் தெரியும்னேன். அப்புறம் மைதானத்தைப் பாக்கலாமான்னேன். கண்ணாடிக்குப் பின்னாலேருந்து காட்டினாங்க. புல்லுல கால் வைக்கக் கூடாதாம்.”

“வேலையைக் கொடுத்தாங்களா இல்லையா?”

“கொடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன். உன்னைக் கேக்காமச் சொல்லிட்டேனேன்னு வழியெல்லாம் ஒரே கவலை.”

ஏவ்ரில் அவர் கோட்டை வாங்கி மாட்டினார். “கடையை நான் எப்படித் தெற்குக்குத் தூக்கிட்டு வர்றதுன்னு காலைலேருந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். உக்காரு, சாப்பாடு வைக்கிறேன்.”

ஐம்பத்தைந்தாவது வயதில் வேலை போனது. ஹெரால்ட் என்ட்விசில் இறந்து, மகள் ரோஸலிண்ட் தலைவராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தொடர்ந்து பதினோரு தோல்வி. ரோஸலிண்ட் வீட்டுக்கே வந்தார், உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், அழுதுவிட்டார்.

“அப்பா இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு” என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டே.

“உங்கப்பா எனக்கு முன்னாடி அஞ்சு பேரை அனுப்பினாரும்மா” என்றார் நெவில். “நீ சரியாத்தான் செய்யற. பசங்க என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுட்டாங்க.” ஏவ்ரில் டீயும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். வேலையைவிட்டு எடுக்க வந்த பெண்ணுக்கு ஆறுதல் சொல்லி, அடுத்த மேனேஜர் யாராக இருக்கலாம் என்று ஒரு தாளில் மூன்று பேரையும் எழுதிக்கொடுத்து அனுப்பினார் நெவில். முதலில் எழுதிய பெயருக்குத்தான் வேலை கிடைத்தது. அவரும் நன்றாகவே செய்தார்.

இப்போது நெவிலுக்கு எழுபத்து நான்கு. முழங்காலுக்கு உலோகம் வைத்தாகிவிட்டது. சனிக்கிழமைகளில் லென் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறார். ஆட்டம் மூன்று மணிக்கு, அவர் வருவது பன்னிரண்டரைக்கு. பாதி தூரம் போவதற்குள் இருவருக்கும் இன்றைய அணியைப் பற்றிச் சண்டை வந்துவிடுகிறது. திரும்பி வரும்போதும் அது ஓய்வதில்லை. வீட்டுக்குள் நுழையும் நெவிலிடம் ஏவ்ரில் முடிவைக் கேட்பதில்லை. பசிக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குப் பசிக்கத்தான் செய்கிறது.